1938 நவம்பர் 9: அதைக் ‘கலவரம்’ என்று எழுதலாமா?

நவம்பர் 2, இரவு 10.15 (இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்வி)

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்துக்குத் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியில் நடந்ததை ‘யூதர்களுக்கு எதிரான கலவரம்’ என்று போட்டிருக்கிறேன். பாரிஸில் ஒரு யூத இளைஞன் ஜெர்மன் தூதரக அதிகாரியைச் சுட்டான், சனம் கொதித்தது, அரசு தடுக்கவில்லை. இவ்வளவுதானே? சொல் சரிதானே?

நவம்பர் 2, இரவு 11.50

தம்பி, அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டது போலவோ, யாருக்கும் அடங்காமல் கூட்டம் வெடித்தது போலவோ ஒரு படம் மனதில் வருகிறது. அன்றிரவு நடந்ததற்கு உத்தரவு இருந்தது. அது போன நேரம் நிமிடக் கணக்கில் தெரியும். எதை எரிக்கலாம், எதை எரிக்கக்கூடாது என்றுகூட அதில் எழுதியிருந்தது. எனக்கு விடிய ஐந்து மணிக்கு வேலை. மிச்சம் நாளைக்கு.

நவம்பர் 3, மாலை 6.20

முதலில் பாரிஸ். நீங்கள் ‘யூத இளைஞன்’ என்று எழுதியவன் பெயர் ஹெர்ஷெல் கிரின்ஷ்பான். வயது 17. ஹனோவரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் தையற்காரர், 1911 முதல் அந்த ஊரில் இருந்தவர். குடும்பத்துக்குப் போலந்துக் குடியுரிமை. 1938 அக்டோபர் கடைசியில் ஜெர்மன் அரசு இப்படிப்பட்ட ஏறக்குறைய 17,000 பேரை வீட்டிலிருந்து பிடித்து, ரயிலேற்றி, போலந்து எல்லையில் கொண்டுபோய்த் தள்ளியது. போலந்தும் லேசில் உள்ளே விடவில்லை. ஸ்பொன்ஷின் என்ற எல்லை ஊரில் குதிரை லாயங்களில் கிடந்தார்கள். அங்கிருந்து அக்கா பெர்தா பாரிஸில் இருந்த தம்பிக்கு ஓர் அஞ்சலட்டை போட்டாள்: கையில் ஒரு காசும் இல்லை, ஏதாவது அனுப்ப முடியுமா என்று. அட்டை அவன் கைக்குக் கிடைத்தது நவம்பர் 3. நவம்பர் 7 அன்று தூதரகத்துக்குப் போய் ஏர்ன்ஸ்ட் ஃபொம் ராத் என்ற இளநிலை அதிகாரியைச் சுட்டான்.

ஆகவே உங்கள் கட்டுரை துப்பாக்கியில் தொடங்கக் கூடாது. ரயிலில் தொடங்க வேண்டும்.

இனி அந்த இரவு. ஃபொம் ராத் நவம்பர் 9 மாலை இறந்தார். அன்று, 1923 இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்ற மியூனிக் கலகத்தின் ஆண்டு நிறைவு. நாடெங்குமிருந்து வந்த நாஜித் தலைவர்கள் மியூனிக் பழைய நகர மண்டபத்தில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். ஹிட்லர் பிரசார அமைச்சர் கோயபல்ஸோடு தனியே கதைத்தார், பிறகு மேடையேறாமலே எழும்பிப் போய்விட்டார். பத்து மணியளவில் கோயபல்ஸ் பேசினார்: கட்சி எதையும் ஏற்பாடு செய்யாது, ஆனால் தானாக எழுவதைத் தடுக்கவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நேரே தொலைபேசிக்குப் போனார்கள். ஊர் ஊராக அழைப்புப் போனது.

இரவு 11.55: கெஸ்டாபோ என்ற இரகசியப் போலீஸின் தலைமையிடத்திலிருந்து ஹைன்ரிஷ் முல்லரின் அறிவிப்பு. விடிய 1.20: பாதுகாப்புப் போலீஸின் தலைவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிஷின் அவசரத் தந்தி. இந்தத் தந்தியை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். யூதரின் தொழுகைக்கூடத்தை (சினகாக்) எரிக்கலாம், பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாத இடத்தில் மட்டும். யூதர் கடைகளையும் வீடுகளையும் உடைக்கலாம், கொள்ளையடிக்கக் கூடாது. வெளிநாட்டவரைத் தொடக்கூடாது, அவர் யூதரானாலும். தொழுகைக்கூடங்களில் உள்ள பழைய ஆவணங்களை எரியவிடாமல் எடுத்து ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறையில் இடமிருக்கும் அளவுக்கு யூதர்களைப் பிடிக்க வேண்டும், குறிப்பாக வசதியுள்ளவர்களை. இப்போதைக்கு ஆண்கள் மட்டும், ஆரோக்கியமானவர்கள், வயது கூடாதவர்கள். பிடித்தவுடன் தடுப்பு முகாம்களோடு தொடர்பு கொள்ள வேண்டும்.

கொதித்தெழுந்த சனத்துக்கு யாராவது இப்படி வரி வரியாக எழுதிக் கொடுப்பார்களா?

நவம்பர் 3, இரவு 9.05

விட்டுப்போனது: நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைப் படையினர் பலரும் சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடுப்போடு வந்தார்கள். பார்ப்பவருக்கு ஊர்ச் சனம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக. நீங்கள் இன்று ‘சனம் கொதித்தது’ என்று எழுதுவது அன்று அவர்கள் காட்ட நினைத்த அதே படம்தான்.

நவம்பர் 5, காலை 10.40

நேற்று ஓர் அண்ணா தனிமடலில் கேட்டார்: ‘அப்படியானால் மாதக்கணக்காகத் திட்டம் போட்டு நாள் குறித்துச் செய்ததா?’ ஆம் என்று அவசரத்தில் பதில் போட்டுவிட்டேன். அது தவறு. இங்கேயே திருத்துகிறேன்.

நவம்பர் 9 என்ற தேதி முன்கூட்டிக் குறித்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. காசல் நகரின் பக்கம் நவம்பர் 7 மாலையே தாக்குதல் தொடங்கிவிட்டது, ஃபொம் ராத் உயிரோடிருந்தபோதே. செய்தவர்கள் உள்ளூர்க் கட்சிக்காரர். ஹைட்ரிஷின் தந்தி போனபோதும் பல ஊர்களில் ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருந்தது. மேலிடம் ஒரு மாலைக்குள் முடிவெடுத்தது, கீழே இருந்தவர்கள் ஓர் இரவுக்குள் நாடு முழுக்க நடத்தி முடித்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கூடுதல் பயம்தான் வருகிறது. திட்டம் தேவைப்படாத அளவுக்கு எல்லாமே தயாராக இருந்திருக்கிறது.

அரசும் கட்சியும் செய்ததுதான் என்பதற்கு அவர்கள் வாயாலேயே ஒரு சாட்சி உண்டு. கொலை செய்த கட்சிக்காரர்களை 1939 தொடக்கத்தில் நாஜிக் கட்சியின் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. வெளியில் கட்சி தெரியக்கூடாது, உண்மையில் கட்சியே ஏற்பாடு செய்து நடத்த வேண்டும் என்றுதான் கோயபல்ஸின் பேச்சை அங்கிருந்த தலைவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள் என்று அதன் அறிக்கை சொல்கிறது. சொல்லிவிட்டு, கொலைகாரரை ஏறக்குறைய எல்லோரையும் விட்டுவிட்டது. யூதப் பெண்களைக் கெடுத்தவர்களைத்தான் கட்சியிலிருந்து தள்ளி நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அதுவும் அந்தப் பெண்களுக்காக இல்லை, ‘இனக் கலப்பு’ சட்டத்தை மீறியதற்காக. இந்த இடத்தை எப்போது படித்தாலும் கொஞ்ச நேரம் வேறு வேலை செய்ய முடிவதில்லை.

நவம்பர் 6, இரவு 8.30

‘எந்த வீடு யூதர் வீடு என்று இருட்டில் எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

எழுதி வைத்திருந்தார்கள். 1938 ஏப்ரல் 26 அன்று ஓர் ஆணை: 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள ஒவ்வொரு யூதரும் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வீடு, நிலம், கடை, நகை, காப்புறுதி, எல்லாம். ஜூனில் யூதக் கடைகளைப் பதிவு செய்யும் ஆணை. ஆகஸ்டில் பெயர்ச் சட்டம்: யூதப் பெயர்கள் என்று அரசு போட்ட பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் ‘இஸ்ரயேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் வைக்க வேண்டும். அக்டோபரில் கடவுச்சீட்டில் யூதர் என்று காட்டும் சிவப்பு ‘யோட்’ (J) எழுத்து. மியூனிக்கின் பெரிய தொழுகைக்கூடத்தை ஜூனிலும், நியூரம்பெர்க்கில் இருந்ததை ஆகஸ்டிலும் பட்டப்பகலில் ஆள் வைத்து இடித்தார்கள். நவம்பருக்குக் காத்திருக்கவில்லை.

நவம்பர் 8, மதியம் 1.10

ஒருவர் கூடவா தடுக்கவில்லை என்று கேட்டவருக்கு: பெர்லின் ஒரானியென்பூர்கர் வீதியில் உள்ள புதிய தொழுகைக்கூடத்துக்குத் தீ வைத்தபோது, 16ஆம் காவல் நிலையத்தின் தலைவர் வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட் துப்பாக்கியோடு வந்து துரத்திவிட்டு, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டு அணைக்க வைத்தார்.

மற்ற ஊர்களில் தீயணைப்புப் படை நின்றதுதான், தண்ணீரும் அடித்ததுதான். பக்கத்து வீட்டுக்கு அடித்தார்கள். ஓபர்-ராம்ஷ்டட் என்ற சிறிய ஊரில் எடுத்த படம் இருக்கிறது: தொழுகைக்கூடம் எரிகிறது, குழாய் அடுத்த வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 9, இரவு 11.30

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கையில் இன்னும் பித்தளைப் பொலிஷ் மணம்.

நான் இருக்கும் ஜெர்மன் நகரமான எஸ்ஸனில் ஒவ்வொரு வருடமும் இந்த நாளில், நாஜிகள் கொண்டுபோனவர்களின் நினைவாக நடைபாதையில் பதித்த கற்களைத் துடைப்பார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. பத்து சென்டிமீட்டர் சதுரம், மேலே பித்தளைத் தகடு, அதில் ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, இடம். எங்கள் பேருந்துத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நான் இந்த வீதிக்கு வந்து ஆறு வருடம் அதை மிதித்துத்தான் வேலைக்குப் போயிருக்கிறேன், கறுத்துப்போய் வெறும் கல் போலக் கிடந்ததால் தெரியவில்லை. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் முழந்தாளிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எழுத்து தெரிந்தது. அன்று முதல் நானும் போகிறேன். துடைக்கும்போது முதலில் துணிதான் கறுக்கும். பிறகு ஆண்டு தெரியும். பெயர் கடைசியில்தான் தெளியும், ஆழமாக அடித்த எழுத்தில் அழுக்கு இறுகியிருக்கும். பழைய பல்துலக்கி கொண்டுபோக வேண்டும்.

துடைத்த பிறகு பழைய தொழுகைக்கூடம் வரை நடந்தோம். 1913 இல் திறந்த பெரிய கல் கட்டடம். அன்றிரவு உள்ளே எரிந்து தீர்ந்தது, சுவரும் குவிமாடமும் நின்றன. போருக்குப் பிறகு நகரம் அதை என்ன செய்தது தெரியுமா? 1961 முதல் தொழிற்சாலைப் பொருட்களின் வடிவமைப்புக் காட்சிக்கூடமாக வைத்திருந்தது. மிஞ்சியிருந்த, தோரா என்ற யூத வேதச் சுருள் வைக்கும் மாடத்தையும் அகற்றினார்கள். 1979 இல் மறுபடி ஒரு தீ, இந்த முறை விபத்து. அதன் பிறகுதான் நினைவிடம். எரித்தது ஓர் இரவு. அங்கே என்ன நடந்தது என்று அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சொல்ல நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

ஒரு திருத்தம்: நேற்று க்ரூட்ஸ்ஃபெல்ட் என்று எழுதினேன். அன்றிரவு அந்த இடத்தில் துப்பாக்கியோடு நின்றவர் அவருக்குக் கீழ் வேலை செய்த ஓட்டோ பெல்கார்ட். கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று சொல்லித்தான் கூட்டத்தை விலக்கினார். க்ரூட்ஸ்ஃபெல்ட் பிறகு மேலதிகாரி முன் பொறுப்பேற்று நின்றார். பல வருடங்களாக ஒரே பெயர்தான் சொல்லப்பட்டு வந்தது, நானும் பழக்கத்தில் எழுதிவிட்டேன். இரண்டு பேரையும் எழுதுங்கள். அவர்களுக்குப் பெரிய தண்டனை ஏதும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள்.

நவம்பர் 11, இரவு 9.45

இன்று புனித மார்ட்டின் நாள். மகளின் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் காகித விளக்குப் பிடித்து எங்கள் வீதியால் பாடிக்கொண்டு போனார்கள். நாங்கள் துடைத்த கல்லில் விளக்கு வெளிச்சம் பட்டது. மகள் குனிந்து பார்த்து, ‘அம்மா, இது யார் வீட்டு மணி?’ என்று கேட்டாள். அழைப்புமணிப் பலகை என்று நினைத்திருக்கிறாள். இங்கே இருந்த ஒரு அம்மம்மாவின் பெயர் என்றேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொன்னேன்.

இன்னொன்றை எழுதாமல் விட்டால் நான் ஒருபக்கமாகச் சொன்னதாகிவிடும். உத்தரவு, உத்தரவு என்று அழுத்திக்கொண்டே வருகிறேன். ஆனால் அடுத்த நாள் காலையில் வந்த அயலவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

2012 இல் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். 1931 இல் பிறந்த ஒரு பெண்மணி இருந்தார். கால் கழுவி விடும்போதுதான் கதைப்பார். ஒருநாள் சொன்னது: அவருக்கு ஏழு வயது, கண்ணாடி உடைந்த ஒரு சப்பாத்துக் கடையிலிருந்து தாய் மூன்று சப்பாத்து எடுத்து வந்தாராம், கோட்டுக்குள் மறைத்து. வீட்டில் விரித்துப் பார்த்தால் மூன்றும் வலது கால். காட்சிக் கண்ணாடிக்குள் ஒரு காலைத்தானே வைப்பார்கள். மற்றக் கால்கள் உள்ளே பெட்டியில். தாய் இரவு அவற்றை அடுப்பில் போட்டாராம். தோல் எரிந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக நெடுநாள் எடுத்தது என்றார். ‘அந்தக் கடைக்காரர் எனக்கு எப்போதும் ஓர் இனிப்புத் தருவார்’ என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஆறிவிட்டது என்றார். நான் சூடான தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் கதைக்கவே இல்லை.

வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்தியவர்களும் இருந்தார்கள், அது உண்மை. பாடன்-பாடனில் பிடிபட்ட ஆண்களை நடுவீதியால் ஊர்வலமாக நடத்தியபோது நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள். அங்கே ஒரு பள்ளி ஆசிரியரைத் தொழுகைக்கூடத்து மேடையில் நிறுத்தி ஹிட்லரின் நூலிலிருந்து உரக்க வாசிக்க வைத்தார்கள். பிறகு கூடத்துக்குத் தீ வைத்தார்கள், ஆண்களை டாஹாவ் தடுப்பு முகாமுக்கு ஏற்றினார்கள்.

நவம்பர் 12, மாலை 7.00

1938 இல் இதே தேதி பெர்லினில் விமானப்படை அமைச்சில் கூட்டம். தலைமை அந்த அமைச்சின் அமைச்சர் கோரிங். சுருக்கெழுத்துக் குறிப்பு இருப்பதால் யார் என்ன சொன்னார் என்று தெரியும். கோரிங்குக்கு உடைந்த பொருட்களின் மேல்தான் கோபம். காப்புறுதிக்காரர்கள் சார்பில் வந்தவர் விளக்கினார்: காட்சிக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வருவது, அந்நியச் செலாவணி கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கட்டடங்கள் பலவும் யூதர் அல்லாதவருக்குச் சொந்தம். இவ்வளவு மதிப்புள்ள பொருளை அழித்ததற்குப் பதில் 200 யூதர்களை அடித்துக் கொன்றிருக்கலாமே என்று கோரிங் ஹைட்ரிஷிடம் சொன்னார்.

முடிவு: யூத சமூகம் முழுவதற்கும் நூறு கோடி மார்க் தண்டம். அவர்களுக்குச் சேர வேண்டிய காப்புறுதிப் பணம் அரசுக்கு. உடைந்ததைத் திருத்தும் செலவு அவர்களுடையது. கடையும் தொழிலும் நடத்தத் தடை. மூன்று நாளில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றினார்கள்.

எண்கள் கேட்டவருக்கு: பிடிபட்ட ஆண்கள் ஏறக்குறைய 30,000, டாஹாவ், பூஹன்வால்ட், ஸாக்ஸன்ஹவுஸன் முகாம்களுக்கு. கடைகள் 7,500 அளவில். எரித்தும் இடித்தும் நாசமாக்கிய தொழுகைக்கூடங்கள் ஆயிரத்துக்கு மேல். ஹைட்ரிஷ் முதலில் கொடுத்த 267 ஐயே இன்னும் பலர் எழுதுகிறார்கள், வேண்டாம். இறப்பு 91 என்பது நாஜிகளின் கணக்கு. முகாமில் செத்தவர்களையும் தாங்களாகவே உயிரை மாய்த்துக்கொண்டவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில்.

நவம்பர் 14, இரவு 10.20

சொல்லுக்கு வருவோம். ‘படிக இரவு’, ‘உடைந்த கண்ணாடி இரவு’ என்றெல்லாம் தமிழில் எழுதுகிறோம். ஜெர்மனியில் இப்போது அந்தப் பெயரைப் பலர் தவிர்க்கிறார்கள், ‘நவம்பர் பொக்ரோம்’ என்கிறார்கள். பொக்ரோம் என்றால் ஓர் இனத்தார் மேல் ஏவிவிட்ட கூட்டத் தாக்குதல். படிகம் என்றால் மினுக்கம் வந்துவிடுகிறது, கண்ணாடி மட்டும் உடைந்தது போலவும் ஆகிவிடுகிறது.

எனக்கு ஏன் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டீர்கள். இலங்கையில் 1983 இல் தமிழருக்கு நடந்ததை எங்கள் வீட்டில் இன்றைக்கும் ‘ஆடிக் கலவரம்’ என்றுதான் சொல்வோம். அப்பா அப்போது கொழும்பு வெள்ளவத்தையில். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் வீட்டு இலக்கம் பார்த்து நின்றதை அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார், சொல்லி முடித்துவிட்டு ‘அந்தக் கலவரத்திலே’ என்பார். நானும் அப்படியே சொல்லி வளர்ந்தேன். இங்கே பள்ளியில் 1938 பற்றிப் படிக்கும்போதுதான் பட்டியல் என்ற சொல்லில் என் கை நின்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வரவில்லை. அங்கே பின்னால் வந்தது ஆறு மில்லியன் பேரின் கொலை. நான் சொல்வது சொல்லைப் பற்றி மட்டும்.

‘அரசு ஏவிய வன்முறை’ என்று எழுதுங்கள். ‘பொக்ரோம்’ என்றே தமிழில் போட்டு ஒருமுறை விளக்கினாலும் சரி.

நவம்பர் 20, மதியம் 3.15

உலகம் என்ன சொன்னது என்பதற்கு மூன்று பேரை மட்டும் சொல்கிறேன்.

நவம்பர் 10 மாலை பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தில் பாதிரியார் பெர்ன்ஹார்ட் லிஹ்டன்பெர்க் யூதர்களுக்காக வெளிப்படையாகச் செபித்தார். வெளியே தொழுகைக்கூடம் எரிகிறது, அதுவும் கடவுளின் வீடுதான் என்றார். 1941 வரை ஒவ்வொரு மாலையும் செபித்தார். பிறகு சிறை. 1943 இல் டாஹாவுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார்.

டிசம்பர் 6 அன்று மெல்பர்னில் வில்லியம் கூப்பர் என்ற பூர்வகுடி முதியவர், தன் சொந்த நாட்டிலேயே உரிமை மறுக்கப்பட்டவர், தன் ஆட்களோடு ஜெர்மன் துணைத்தூதரகத்துக்கு நடந்துபோய்க் கண்டன மனு கொடுத்தார். வாங்க மறுத்துவிட்டார்கள். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

மூன்றாவது காந்தி. நவம்பர் 26 ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். ஜெர்மனி செய்வதற்கு வரலாற்றில் ஒப்பு இல்லை போலிருக்கிறது என்று சொன்னவர், யூதர்கள் அங்கேயே நின்று சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றார். ஜெருசலேமிலிருந்து யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் 1939 பெப்ரவரியில் பதில் எழுதினார். தடுப்பு முகாம் என்றால் என்னவென்று மகாத்மாவுக்குத் தெரியுமா என்று அதில் கேட்கிறார். காந்தியை மதிப்பவள் நான். இந்த இடத்தில் பூபர் பக்கம்தான் நிற்கிறேன். பட்டியலும் முகாமும் கையில் வைத்திருப்பவனிடம், உலகம் பார்க்க உட்காரும் சத்தியாக்கிரகி எங்கே உட்காருவார்?

டிசம்பர் 2, காலை 6.05

இன்று சின்னக் குறிப்பு. 1938 ஜூலையில் பிரான்சின் எவியானில் யூத அகதிகளைப் பற்றி 32 நாடுகள் கூடிக் கதைத்தும் ஏறக்குறைய யாரும் கதவு திறக்கவில்லை. நவம்பருக்குப் பிறகு பிரிட்டன் பிள்ளைகளை மட்டும் எடுக்கச் சம்மதித்தது. முதல் தொகுதி ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது 1938 டிசம்பர் 2. போர் தொடங்குமுன் 10,000 பிள்ளைகள் அளவில் போனார்கள். பெற்றோருக்கு அனுமதி இல்லை.

டிசம்பர் 15, இரவு 10.50

கட்டுரையை முடித்து நாளைக்குக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்குமுன் ஒன்று.

நவம்பர் 12 குறிப்பில் நூறு கோடித் தண்டம் என்று ஒரு வரியில் கடந்துவிட்டேன். எப்படி வசூலித்தார்கள் என்று இன்று மறுபடி பார்த்தேன். ஒவ்வொருவர் சொத்திலும் ஐந்தில் ஒரு பங்கு, நான்கு தவணை. முதல் தவணைக்குக் கெடு 1938 டிசம்பர் 15, இன்றைய தேதி. 1939 இல் ஐந்தாவது தவணை ஒன்றும் சேர்த்தார்கள். சரி, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று வரி அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? ஏப்ரல் 26 ஆணைக்கு அவர்களே நிரப்பிக் கொடுத்த படிவம். வரம்பும் அதே 5,000 மார்க். கணவனை முகாமிலிருந்து இன்னும் விடாத பெண்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று கட்டியிருப்பார்கள்.

நவம்பர் 3 அன்று கட்டுரையை ரயிலில் தொடங்கச் சொன்னேன். மாற்றிக்கொள்கிறேன். படிவத்தில் தொடங்குங்கள்.